மருத்துவர் கேட்ட பரிசோதனை நடைபெற்றதா?



புலம்பெயர்ந்த தமிழ் மூத்தோர் சிலர் இன்று அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வாழ்கின்றனர். அங்கே மருத்துவர் கேட்ட இரத்தப் பரிசோதனை உரிய நாளில் நடைபெறுகின்றதா என்பதே இவ்வுரையின் பொருள். சிறிய விடயமாகத் தோன்றலாம். அவ்வாறன்று.

வார்ஃபரின் எனும் மருந்தே தகுந்த சான்று. இதயத் துடிப்பு ஒழுங்கற்ற முதியோருக்கு, குருதி உறையாதிருக்க இது கொடுக்கப்படுகின்றது. ஐ.என்.ஆர். எனும் அளவு பெரும்பாலும் 2 இற்கும் 3 இற்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் பக்கவாதம் வரலாம், மிகுந்தால் உட்குருதிப்பெருக்கு. சிறுநீர்த் தொற்றுக்கெனக் கொடுக்கப்படும் சில நுண்ணுயிர்க்கொல்லிகள் இவ்வளவைச் சில நாட்களிலேயே உயர்த்திவிடும். ஆகவேதான் மருத்துவர் அச்சில நாட்களுக்குள் பரிசோதனை கேட்கின்றார். அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனால், மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்ட பின்னரே விடயம் தெரியவரலாம்.

ஏன் தள்ளிப்போகின்றது? பல இல்லங்களில் சொந்த ஆய்வுகூடம் இல்லை. வெளி ஆய்வுகூட ஊழியர் குறித்த காலைகளில் வந்து இரத்தம் எடுத்துச் செல்வார். தொலைபேசியில் மருத்துவர் சொன்னது படிவத்தில் ஏறாமல் போகலாம். ஊழியர் வரும் வேளையில் முதியவர் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குச் சென்றிருக்கலாம். வெள்ளி மாலை வந்த முடிவு திங்கள் வரை மேசையில் கிடக்கலாம். இன்னொன்றும் உண்டு. ஊசியுடன் வந்தவர் ஆங்கிலத்தில் அனுமதி கேட்க, தமிழ்ப் பாட்டி வழக்கம்போல் தலையைப் பக்கவாட்டில் அசைத்துச் சம்மதிக்கின்றார். ஏட்டில் ‘மறுத்துவிட்டார்’ என்று பதிவாகின்றது!

1987 ஆம் ஆண்டின் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டத்தின் வழிவந்த கூட்டாட்சி விதிகள் இதில் தெளிவானவை. மெடிகேர், மெடிகெய்ட் நிதி பெறும் இல்லமே ஆய்வுகூடச் சேவையின் தரத்துக்கும் காலந்தவறாமைக்கும் பொறுப்பு. வெளி ஆய்வுகூடத்தைக் காட்டித் தப்ப இடமில்லை. இயல்பு வரம்பை மீறிய முடிவு மருத்துவருக்குத் தாமதமின்றி அறிவிக்கப்பட வேண்டும். முதியவரோ அவரது பிரதிநிதியோ வாய்மொழியாகக் கேட்டாலே போதும். வார இறுதியும் விடுமுறையும் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பதிவேட்டைக் காட்ட வேண்டும். தம் உடல்நிலையைத் தமக்கு விளங்கும் மொழியில் அறியும் உரிமையும் அவருக்கு உண்டு.

பெற்றோர்களே, பிரதிநிதி யார் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து வையுங்கள். இளையோரே, பாட்டியைப் பார்க்கச் செல்லும்போது தாதியிடம் கேளுங்கள்: என்ன பரிசோதனை, எந்நாளில் இரத்தம் எடுக்கப்பட்டது, முடிவு மருத்துவருக்கு எப்போது சொல்லப்பட்டது? பணிவுடன் கேளுங்கள், அவர்களில் பலரும் குடிபெயர்ந்து வந்தவர்களே, ஆட்குறைவில் உழல்பவர்களே. பதில் கிடைக்காவிடின் தாதியர் பணிப்பாளரை அணுகுங்கள். அங்கும் கிடைக்காவிடின், மாநிலந்தோறும் இதற்கென ஒம்புட்ஸ்மன் எனும் குறைகேள் அலுவலர் இருக்கின்றார். அவரது தொலைபேசி இலக்கம் இல்லத்திலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் விதி. அடுத்த முறை செல்லும்போது சுவரில் தேடிப் பாருங்கள்.