தேவதைகளா, அணங்குகளா?



ஆங்கிலத்தில் 'ஃபெயரி' என்று சொல்லப்படுவதை நாம் 'தேவதை' என்று மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். வண்ணத்துப்பூச்சிச் சிறகும் கையில் நட்சத்திரக் கோலுமாகச் சிறுவர் புத்தகங்களில் வருகிறாளே, அவள்தான். ஆனால் அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய கெல்டிய நாடுகளின் நாட்டார் வழக்காற்றைப் படிக்கப் புகுந்தால் இந்தச் சொல் நமக்கு உதவ மறுக்கிறது. அங்கே வருபவர்களுக்குச் சிறகு கிடையாது. பலர் மனிதரின் உயரமே இருப்பார்கள். மாடு வளர்ப்பார்கள், சந்தைக்குப் போவார்கள், தங்களுக்குள் சண்டை பிடிப்பார்கள், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையையும் தூக்கிச் செல்வார்கள். சிறகு பெரும்பாலும் ஓவியர்களும் நாடக மேடைக்காரரும் பின்னாளில் ஒட்டியது. நமது சங்கச் செய்யுள்களில் வரும் 'அணங்கு' என்ற சொல்லே இவர்களுக்குப் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. அழகும் வருத்துதலும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன அல்லவா?

அயர்லாந்தின் பழைய புராணம் இவர்களைத் தோற்றுப்போன தெய்வ குலம் என்கிறது. டனு என்ற தாயின் மக்கள் இவர்கள். பின்னர் வந்த மனிதர்களிடம் நாட்டை இழந்து, மண்மேடுகளுக்குள் இறங்கி வாழத் தொடங்கினார்கள். அந்த மேட்டுக்கு ஐரிஷ் மொழியில் 'ஷீ' என்று பெயர். அங்கே வசிப்பவர்களுக்கும் காலப்போக்கில் அதுவே பெயராயிற்று. இப்படிப்பட்ட மேடுகளில் ஒன்றான நியூகிரேஞ்ச், சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்ட கல்லறை.

கிராமத்தவர்கள் இவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அயர்லாந்தில் 'நல்லவர்கள்' என்பார்கள். வேல்ஸில் 'அழகிய குடும்பத்தார்'. நாம் நாகத்தை நல்ல பாம்பு என்று சொல்வதில்லையா, அதே பயம்தான். மே மாதத்துக்கு முந்திய இரவிலும், நவம்பர் பிறக்கும் இரவாகிய 'சவின்' திருநாளிலும் மேடுகள் திறந்துகொள்ளும் என்று நம்பினார்கள். வாசற்படியில் மஞ்சள் பூக்களைப் போடுவதும் தொட்டிலில் இரும்பு வைப்பதும் விருந்தாளியை அழைப்பதற்காக அல்ல, அண்டவிடாமல் தடுப்பதற்காகத்தான்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1895 மார்ச் மாதம் திப்பரெறி மாவட்டத்தில் பாலிவட்லி என்ற சிற்றூரில் பிரிஜெற் கிளெறி என்ற இளம் பெண் நோயில் விழுந்தாள். தையல்காரி. சொந்தமாகத் தையல் இயந்திரம் வைத்திருந்தவள். கோழி வளர்த்து முட்டை விற்றுத் தன் கையில் காசு புழங்கியவள். கணவன் மைக்கல், பீப்பாய் செய்யும் தொழிலாளி. வைத்தியரும் வந்தார், பாதிரியாரும் வந்தார். அதற்குள் வீட்டாரிடையே வேறொரு பேச்சு கிளம்பிவிட்டது: படுக்கையில் கிடப்பது பிரிஜெற் அல்ல, நல்லவர்கள் அவளைக் கொண்டுபோய்விட்டு மாற்றாளை வைத்திருக்கிறார்கள் என்று. மூலிகையைப் பாலில் காய்ச்சி வாயில் திணித்தார்கள். நீ உண்மையில் இன்னாருடைய மகள்தானா, இன்னாருடைய மனைவிதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மார்ச் 15ஆம் திகதி இரவு, விளக்கின் எண்ணெயை ஊற்றிக் கணவனே அவளைக் கொளுத்தினான். தகப்பனும் உறவினரும் வீட்டுக்குள்தான் இருந்தார்கள். அடுத்து வந்த இரவுகளில், அருகிலிருந்த வட்டக் கோட்டை மேட்டில் அவன் காத்திருந்தான். உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள், கட்டை அறுத்து அவளை மீட்டுவிடலாம் என்பது அவன் எண்ணம். வந்தது பொலிஸ். 22ஆம் திகதி பிரேதம் கிடைத்தது. மைக்கலுக்கு இருபது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, பதினைந்து ஆண்டுகளில் விடுதலை கிடைத்தது.

அப்போது அயர்லாந்துக்கு சுயாட்சி கொடுக்கலாமா என்ற விவாதம் சூடாக இருந்த காலம். இத்தகைய காட்டுமிராண்டிகளா நாட்டை ஆளப் போகிறார்கள் என்று எதிர்த் தரப்புப் பத்திரிகைகள் இந்த வழக்கைத் தூக்கிப் பிடித்தன. ஐரிஷ் ஆய்வாளர் அஞ்சலா பேர்க் 1999இல் இந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதிய நூலை நேயர்கள் தேடிப் படிக்க வேண்டும். சற்றே தனித்து, சற்றே வசதியாக வாழ்ந்த ஒரு பெண்மீது ஊருக்கிருந்த சங்கடத்துக்கு இந்தக் கதைகள் எப்படி மொழி கொடுத்தன என்பதை அவர் காட்டுகிறார். கவிஞர் யேற்ஸ் இதே மக்களின் கதைகளை 1888இல் தொகுத்து வெளியிட்டபோது இலக்கிய உலகம் மயங்கியது. ஏழு வருடத்தில் இந்தக் கொலை. இரண்டும் ஒரே மண்ணில் முளைத்தவை.

சூனியக்காரிகளுக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு? ஸ்கொட்லாந்தின் வழக்குப் பதிவுகளில் அது இருக்கிறது. 1662இல் இசபெல் கௌடி என்ற குடியானவப் பெண், மலைக்குள் சென்று அணங்குகளின் அரசியைக் கண்டதாகவும், தின்று தீர்க்க முடியாத அளவு இறைச்சி அங்கே கிடைத்ததாகவும் வாக்குமூலம் கொடுத்தாள். இறைச்சி! வயிறு காய்ந்தவளின் கனவு அது என்பதே எனது அபிப்பிராயம்.

இனி நவீன காலத்துக்கு வருவோம். விக்கா எனப்படும் இன்றைய சூனிய சமயத்தை உலகறியச் செய்தவர் ஜெரால்ட் கார்ட்னர். இவர் இலங்கையில் வாழ்ந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத சங்கதி. 1900ஆம் ஆண்டு, பதினாறு வயதுப் பையனாக, தேயிலைத் தோட்ட வேலை பழக வந்தார். மஸ்கெலியாப் பக்கம். பின்னர் போர்னியோ, மலாயா என்று திரிந்து இங்கிலாந்து திரும்பினார். பழைய சூனியச் சட்டம் பிரித்தானியாவில் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் அவருடைய 'இன்றைய சூனியம்' என்ற நூல் வந்தது. அணங்குகள் என்போர் கெல்டியருக்கு முன் அங்கே வாழ்ந்த குள்ளமான ஆதிக்குடிகளே, அவர்களுடைய வழிபாடே சூனியமாக எஞ்சியது என்று அதில் அவர் வாதிட்டார். முன்னுரை எழுதிய மார்கிறற் மறேயின் கருத்தும் ஏறக்குறைய இதுவே. கேட்கக் கவர்ச்சியாக இருக்கிறது. தொல்லியல் இதை ஆதரிக்கவில்லை. விக்கா இருபதாம் நூற்றாண்டில் உருவான சமயம் என்பதை வரலாற்றாசிரியர் றொனல்ட் ஹற்றன் விரிவாக நிறுவியிருக்கிறார்.

புதிது என்பதால் அது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாச் சமயமும் ஒரு நாள் புதிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தலைகீழ் மாற்றம் நடந்திருக்கிறது. விக்காவினரும் அவர்களை ஒத்தோரும் அதே மே நாளையும் சவின் இரவையும் கொண்டாடுகிறார்கள். அவர்களிற் பலர் பாலும் தேனும் படைத்து, அணங்குகளை வட்டத்துக்குள் வருமாறு அழைக்கிறார்கள். பாட்டிமார் இரும்பைக் காட்டி விரட்டியவர்களைப் பேரப்பிள்ளைகள் இயற்கையின் காவலர்களென உபசரிக்கிறார்கள். காட்டையும் ஆற்றையும் மதிக்க அது சிலருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது, நல்லதுதான். ஆனாலும் பிரிஜெற்றின் பெயர் அந்த வட்டத்துக்குள் எத்தனை முறை உச்சரிக்கப்படுகிறது? புனித ஊற்றுகளின் அருகே உள்ள மரங்களில் நேர்த்திக்காகக் கட்டப்படும் துணிகூட இப்போது பல இடங்களில் நைலோன். பழைய பருத்தித் துணி உக்கிப்போகும், நோயும் அதோடு போகும் என்பது நம்பிக்கை. நைலோன் உக்குவதில்லை.

பயம் முற்றாகப் போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. 1999இல் கிளேயர் மாவட்டத்தில் லற்றூன் என்னுமிடத்தில் புதிய பெருந்தெருவின் வழியில் ஒரு முட்செடி நின்றது. மன்ஸ்ரர் நாட்டு அணங்குகள் போருக்குப் போகுமுன் கூடுமிடம் அது, வெட்டினால் வீதியில் விபத்துகள் நடக்கும் என்று கதைசொல்லி எடி லெனிஹன் பத்திரிகைக்கு எழுதினார். பொறியியலாளர்கள் செடியை விட்டுவைத்து, வேலி போட்டு வீதியை அமைத்தார்கள். 2002இல் யாரோ வந்து கிளைகளையெல்லாம் அறுத்துத் தள்ளினார்கள். செடி மறுபடியும் துளிர்த்தது.