தெருவின் பெயரில் ஒரு மைதானம்

பெரிய ஸ்டேடியங்களைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பாரிஸ் எல்லையை ஒட்டிய சாந்துவான் என்ற தொழிலாளர் ஊரின் சிறிய கால்பந்து மைதானத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

ரெட் ஸ்டார் கிளப்பை 1897இல் தொடங்கியவர் ழூல் ரிமே. பின்னாளில் உலகக்கோப்பையைக் கொண்டுவந்தவரும் அவர்தான். பெயரில் சிவப்பு இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், ரிமே கத்தோலிக்கப் பற்றாளர். கிளப் 1909இல் சாந்துவானுக்கு வந்தது. மைதானத்துக்கு வைத்த பெயர் 'பாரிஸ் ஸ்டேடியம்'. 1924 ஒலிம்பிக் ஆட்டங்கள் சில அங்கே நடந்தன. ஆனால் அந்தப் பெயர் ஊர்வாயில் நிற்கவில்லை. வாசலில் இருப்பது டாக்டர் போவேர் தெரு, அதனால் மைதானமும் 'போவேர்' ஆகிவிட்டது. போவேர் ஒரு கம்யூனிஸ்ட் மருத்துவர். நாஜிகள் அவரை 1942இல் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த மைதானத்தின் ஒரு கேலரிக்கு ரினோ தெல்லா நேக்ராவின் பெயர். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பையன், சிறுவயதிலேயே ஆலை வேலைக்குப் போனவன். ஜெர்மனிக்குக் கட்டாய உழைப்புக்குப் போக மறுத்துத் தலைமறைவானான். அதே 1943இல்தான் ரெட் ஸ்டாரில் சேர்ந்தான். பந்தும் ஆடினான், மனூஷியான் தலைமையிலான குடியேறிகளின் ஆயுதக் குழுவிலும் இருந்தான். நவம்பரில் பிடிபட்டான். 1944 பிப்ரவரி 21 அன்று தோழர்களோடு சுட்டுக் கொல்லப்பட்டபோது வயது 20. தம்பிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், ரெட் ஸ்டார்காரர்கள் எல்லோரிடமும் தன் சார்பில் விடைபெறச் சொல்கிறான்.

அந்தக் குழுவில் பத்துப் பேரின் முகங்களைச் சிவப்புச் சுவரொட்டியாக அச்சடித்து நாஜிகள் பிரான்ஸ் முழுக்க ஒட்டினார்கள். ஒவ்வொரு முகத்தின் கீழும் இவன் போலந்து யூதன், இவன் ஹங்கேரி யூதன், இவன் ஆர்மீனியன், இவன் இத்தாலியன் என்று எழுதியிருந்தார்கள். செய்த காரியத்தைவிடப் பிறப்பைச் சொன்னாலே மக்கள் முகம் சுளிப்பார்கள் என்பது கணக்கு. பெயரைக் கேட்டதும் பிறப்பைத் துழாவுகிற அந்தப் புத்தியை இந்த அரங்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரினோவின் முகம் அந்தச் சுவரொட்டியில் இல்லை. அவன் பெயரைச் சுமந்து வந்தவர்கள் ரசிகர்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் இன்றும் அவனுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள்.

2015இல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியபோது, மைதானம் தொழில்முறை ஆட்டங்களுக்குத் தகுதியில்லை என்று வேறு நகரத்துக்கு அனுப்பினார்கள். ஜெயித்ததற்குப் பரிசு ஊரைவிட்டு வெளியேற்றம்! பழைய மைதானத்தைக் கைவிட்டுப் புதிதாக வேறிடத்தில் கட்டலாம் என்ற யோசனையும் இருந்தது. ரசிகர்கள் இடத்தை மாற்றாமல் போவேரையே செப்பனிடச் சொன்னார்கள். கடைசியில் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் கையில் அதே இடத்தில் புதுப்பிப்பு தொடங்கியது. கூடவே கடைகளும் அலுவலகங்களும் திட்டத்தில் இருந்தன. 2022இல் கிளப்பை ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் வாங்கியது, ரசிகர்கள் எதிர்த்துப் போராடினார்கள், விற்பனை நிற்கவில்லை. இடத்தைக் காப்பாற்றியவர்களால் உடைமையைக் காப்பாற்ற முடியவில்லை. டிக்கெட் விலையும் சுற்றுவட்டார வீட்டு வாடகையும் இனி யாரை உள்ளே விடும் என்பதுதான் இப்போது அங்கே நடக்கிற சண்டை.

2024இல் ரெட் ஸ்டார் மீண்டும் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது. இந்த முறை ஆட்டங்கள் போவேரிலேயே நடந்தன.