மாலை நேரமும் வீட்டுப்பாடமும்

(நடுநிலைப் பள்ளியொன்றின் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்களும் 1,000 மணி நேரப் போதனையும் வேண்டும் என்று 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் விதித்துள்ளது. அந்த நேரம் ஆசிரியர்களின் பொறுப்பில் உள்ளது. பள்ளி விட்ட பிறகு வரும் மாலை நேரமே நமக்குக் கவலை தருகிறது.

ஏழாம் வகுப்பு மாணவி வீடு சேர்ந்ததும் தண்ணீர் பிடிக்கிறாள், ஆடுகளைக் கட்டுகிறாள், தாயார் வேலையிலிருந்து திரும்பும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுடைய தமையனோ பந்தாடிவிட்டு வருகிறான்! (எந்த வீடு என்று நாம் சொல்லமாட்டோம், சிரிப்பவர்களுக்குத் தெரியும்.) நோட்டைத் திறக்கும்போது அவளுக்குக் கண் அயர்கிறது. மறுநாள் கணக்கு முடியாமல் வகுப்பில் தலைகுனிந்து நிற்கிறாள். அந்த வெட்கத்திற்கு அஞ்சி ஒரு நாள் வராமலிருக்கிறாள். ஒரு நாள் ஒரு வாரமாகிறது. பல வீடுகளில் படிப்பு நின்றுபோவது இவ்வாறே தொடங்குகிறது.

ஆசிரியர்கள் அன்றன்றைய வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தால், ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியும். பத்துக் கணக்குகளுக்குப் பதில் மூன்று போதும். முதற் கணக்கைக் கடைசிப் பாடவேளையிலேயே தொடங்கிவைக்கலாம்.

எழுத்தறியாத பெற்றோரும் விளக்கடியில் ஓர் இடமும், தொலைக்காட்சி ஓய்ந்த ஒரு மணி நேரமும் தரலாம். குடத்தைத் தமையன் எடுப்பதால் அவனுக்குக் குறைவொன்றுமில்லை.

இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. ஆகவே அந்த ஒரு மணி நேரம் எது என்பதை இன்றே முடிவு செய்வோம். ஏழு முதல் எட்டு வரையா, பால் கறக்கும் வேலையைக் கருதி வேறு நேரமா என்பதைத் தாய்மார்கள் முதலில் சொல்லட்டும்.