எடை குறையும் முன்பே இரத்தம் மாறுகிறது
(நலவாழ்வு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை என்றதும் நம்மவர்கள் கேட்பது, "எத்தனை கிலோ குறையும்?" என்பதுதான். மருத்துவப் பணியில் இருக்கும் நாங்கள் முதலில் பார்ப்பது இரத்தப் பரிசோதனைத் தாளை.

அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் போரிஸும் குழுவினரும் 1995இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரைப்பை பைபாஸ் (இதய பைபாஸ் அல்ல) செய்துகொண்ட நீரிழிவுக்காரர்கள் பலருக்குச் சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கியிருந்தது. எடை அப்போது பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. சாப்பாடு குறைவது ஒரு காரணம். இன்னொன்று, உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதியைச் சீக்கிரம் எட்டுவதால், ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சாப்பிட்டவுடன் பலமடங்கு உயர்ந்து இன்சுலினைத் தூண்டுகிறது. இன்று பலர் எடை குறையப் போட்டுக்கொள்ளும் ஊசி இதைப் போல வேலை செய்வதுதான். நீரிழிவில் கூடுதலாகக் காணப்படும் லூசின், வாலின் போன்ற அமினோ அமிலங்களும் இரத்தத்தில் குறைகின்றன.

எல்லோருக்கும் நோய் போய்விடுமா? இல்லை. கிளீவ்லாந்தில் 150 பேரிடம் தொடங்கிய ஆய்வில், ஐந்தாண்டுகளுக்குப் பின் எச்பிஏ1சி 6 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்கள், பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம்.

சர்க்கரை இறங்கிய பிறகும் பழைய மாத்திரையையும் இன்சுலினையும் பழைய அளவிலேயே எடுத்தால் மயக்கம் வரும். ஆகவே அளவை மருத்துவர் மாற்றித் தர வேண்டும். நாமாக நிறுத்தவும் கூடாது. நோன்பு மாதத்திற்குச் சில வாரங்கள் முன்பே அவரைப் பாருங்கள். நோன்பு திறக்கும்போது ஒரே மூச்சில் சிராப் பண்டோங் குடித்தால், பைபாஸ் செய்தவர்களுக்குச் சர்க்கரை சட்டென ஏறி, ஓரிரு மணி நேரத்தில் தடாலென இறங்கலாம். தராவீஹில் நிற்கும்போது வியர்த்துக் கொட்டுவது அதனாலும் இருக்கலாம்.

இன்னொன்று, வைட்டமின். பைபாஸுக்குப் பிறகு பி12, இரும்புச்சத்து, கால்சியம் ஆகியவை உடலில் சரியாகச் சேர்வதில்லை. ஈரலில் பி12 கையிருப்பு இருப்பதால் குறை தெரிய வருடங்கள் ஆகும். எங்களிடம் வந்த நானா ஒருவர், "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று இரண்டாம் ஆண்டிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டார். பாதம் மரத்தபோது வயசுக் கோளாறு என்று நினைத்துத் தைலம் தேய்த்திருக்கிறார். சோதித்தால் பி12 மிகக் குறைவு. ஊசி போட்டோம், நடை திரும்பியது. இடது பாதத்தில் மட்டும், செருப்பு கழன்று விழுந்தால் அவருக்கு இன்றும் தெரிவதில்லை.