களத்துமேட்டில் பஞ்சரத்தினம்

1847-இல் சித்தியடைந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்கு முன்னே, புஷ்ய பகுள பஞ்சமியன்று, நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ராகங்களில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் முழங்குகையில், திருவையாற்றுக்குச் செல்ல இயலாது சம்பா அறுவடைக் களத்தில் நிற்கும் ரசிகருக்கு, கைபேசியோடு இணையும் சிறிய புளூடூத் ஸ்பீக்கர் பேருபகாரமாகும்.

வாங்கும்போது ஐ.பி.67 என்ற குறியீட்டைத் தேடுங்கள்; தூசி உட்புகாது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். பதரும் சுணையும் பறக்கும் களமும், வரப்போரத்து வாய்க்காலும் நிறைந்த நம் பிரதேசத்துக்கு, வாட் கணக்கைக் காட்டிலும் இதுவே பிரதானம் என்பேன்.

வீட்டில் சுவரோரம் வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி நாதம் கனம் பெறும். மூலையிலோ அளவு மீறிக் குமுறும். வெட்டவெளியில், நாதத்தைத் திருப்பியனுப்பச் சுவரில்லாமையால், அந்தக் கனம் கரைந்துவிடும். கைபேசியை மடியில் செருகி ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி நடந்தால், புளூடூத் அலையைத் தேகம் உறிஞ்சிக்கொள்வதால், பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். வெயில் பாட்டரியின் ஆயுளைக் குறைக்குமாதலால் நெல்மூட்டை நிழலில் வையுங்கள்.

சென்ற தையில் நான் அவ்வாறு வைத்தபோது, தூற்றிக்கொண்டிருந்த பெண்கள், ஸ்ரீராகக் கீர்த்தனை முடியும்வரை முறத்தைத் தாழ்த்திப் பிடித்தபடியே நின்றார்கள்.