தாய்மாருக்குப் பாடம் சொன்ன டொக்டர்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்விக்கும் சமூகத்துக்கும் நீண்ட காலம் தொண்டு செய்த ஒரு பெண்மணியைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் என்னைக் கேட்டார்கள். எங்கள் கல்லூரியிலேயே அப்படிப்பட்ட ஆசிரியைகள் பலர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆகவே நான் வேறொருவரைத் தெரிவுசெய்தேன். அவர் டொக்டர் மேரி ரட்ணம். ஏன் அவர் என்பதற்கு முதலில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சாதாரண தர வகுப்பில் விஞ்ஞானப் புத்தகத்திலே இனப்பெருக்கம் பற்றிய அலகு வந்தது. "இதை வீட்டில வாசியுங்கோ பிள்ளையள்" என்று சொல்லிவிட்டு ரீச்சர் அடுத்த அலகுக்குப் போய்விட்டா. நாங்கள் தலையைக் குனிந்து சிரித்தோம். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அந்த ரீச்சரில் எனக்குக் குறையில்லை. அவவுக்கும் அவவுடைய ரீச்சர் அப்படித்தான் சொல்லியிருப்பா.

பல வருடங்களின் பின் என் கிளினிக்குக்கு ஒரு பெண் வந்தார். படித்தவர், உத்தியோகம் பார்ப்பவர், இரண்டு பிள்ளைகளின் தாய். மாதக்கணக்காக இருந்த இரத்தப்போக்கை வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். பரிசோதித்தபோது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் முற்றியிருந்தது. 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரும்படி குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடிப்போய்ச் சொல்லியிருக்கிறார். ஏன் போகவில்லை என்று கேட்டேன். "வெக்கமா இருந்தது டொக்டர்" என்றார். அவரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அவருக்குப் பணம் இருந்தது, படிப்பும் இருந்தது. தன் உடம்பைப் பற்றி வாய்திறந்து கேட்கத்தான் அவருக்கு ஒருவரும் பழக்கவில்லை. அதன் பிறகுதான் மேரி ரட்ணத்தின் வாழ்க்கையை நான் தேடி வாசித்தேன்.

மேரி இர்வின் 1873 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாயிருந்த காலத்தில் ரொறன்ரோவிலே மகளிர் மருத்துவக் கல்லூரியில் படித்து டொக்டரானார். 1896 இல் அமெரிக்க மிஷன் மூலமாக, யாழ்ப்பாணத்தில் மருத்துவப்பணி செய்யவென்று இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத் தமிழரான எஸ்.சி.கே. ரட்ணத்தைத் திருமணம் செய்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண் உள்ளூரவரை மணந்ததை மிஷன் ஏற்றுக்கொள்ளவில்லை. எந்த வேலைக்காகக் கடல் கடந்து வந்தாரோ அந்த வேலை இல்லாமற் போயிற்று.

அவர் கப்பலேறித் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. கொழும்பில் லேடி ஹவ்லொக் மகளிர் மருத்துவமனையில் சில காலம் பணியாற்றினார். பின்னர் சொந்தமாக மருத்துவம் பார்த்தார். பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். இந்த நாட்டையே தம் நாடாக்கி, சாகும்வரை, ஏறத்தாழ 66 வருடங்கள் இங்கே வாழ்ந்தார்.

கொழும்பிலே இசையும் நடனமும் பயின்ற அக்காமாருக்குக் கலாலயத்தை நன்றாகத் தெரிந்திருக்கும். அதை நடத்திவரும் தமிழ் மகளிர் சங்கம் 1909 இல் தொடங்கியது. அதைத் தொடங்க முன்னின்றவர் மேரி ரட்ணம்தான். கனடாவில் பிறந்த ஒருவர் தமிழ்ப் பெண்களை ஒன்றுகூட்டி, தங்கள் மொழியையும் கலையையும் பேணும்படி செய்தார் என்பதை நினைக்க எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

1927 இல் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது வாக்குரிமை கேட்டு அமைப்பாகத் திரண்ட பெண்களுள் அவரும் ஒருவர். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமை என்று ஆணைக்குழு சிபாரிசு செய்தது. 1931 இல் 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் அது கிடைத்தது. வடக்கில் அந்த முதல் தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டதால் இங்கே எங்கள் பூட்டிமார் 1934 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதலாவது பெண்ணும் மேரி ரட்ணமே.

ஆனால் ஒரு டொக்டராக என் மனதைத் தொட்டது வேறொன்று. மருத்துவம் பார்க்கும் எவருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று மருந்து கொடுப்போம். அடுத்த மாதம் அதே பிள்ளை அதே வருத்தத்தோடு வந்து நிற்கும். வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலசலகூடம் இருந்தால் மருந்து என்ன செய்யும்? அந்தத் தாய்க்கு விளங்கப்படுத்தினால்தான் பிள்ளை தப்பும்.

மேரி ரட்ணம் தம் காலத்தில் அந்த வழியில்தான் போனார். பாடசாலைகளுக்கென்று சுகாதாரம் பற்றியும் மனைப்பணி பற்றியும் பாடநூல்கள் எழுதினார். கனடாவில் ஒன்ராறியோவின் கிராமத்துப் பெண்கள் 1897 தொடக்கம் சங்கமாகக் கூடி, வீட்டையும் பிள்ளைகளையும் பற்றி ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுவந்தார்கள். அதைப் பார்த்து 1930 இல் இங்கே லங்கா மகிள சமிதியைத் தொடங்கினார். கொழும்பில் வசதியாக வாழ்ந்த, படித்த பெண்கள் தொண்டர்களாகக் கிராமங்களுக்குப் போனார்கள். போசாக்கு, குழந்தை வளர்ப்பு, வீட்டுத்தோட்டம், தையல், நெசவு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு அந்தக் கிராமத்துப் பெண்களே தங்கள் சமிதியைத் தாங்களே நடத்தினார்கள்.

வாயில் சொல்லவே கூசிய விடயங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1953 இல் குடும்பத் திட்டச் சங்கம் உருவாகுவதற்கு வெகுகாலம் முன்பே, 1930களில், பிள்ளைப்பேற்றுக்கு இடைவெளி விடுவது பற்றிப் பகிரங்கமாகப் பேசினார். எதிர்ப்பு வந்தது. ஆனாலும் அவர் பேசுவதை நிறுத்தவில்லை.

1958 இல் ரமோன் மகசேசே விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது பொதுச்சேவைக்கான விருது அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு விருது பெற்ற இன்னொருவர் இந்தியாவின் வினோபா பாவே. அப்போது மேரி ரட்ணத்துக்கு 85 வயது. 1962 இல் அவர் காலமானார். ஒரு வேலை பறிபோனதில் தொடங்கிய அந்த வாழ்க்கையின் பலனை, அவர் பெயரே தெரியாத எத்தனையோ தாய்மாரும் பிள்ளைகளும் அனுபவித்திருக்கிறார்கள்.

அன்பான சகோதரிகளே, இந்த நூறு ஆண்டுகளில் எங்கள் சங்கம் கல்லூரிக்கு எவ்வளவோ செய்திருக்கிறது. கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பனியிலும் குளிரிலும் இரவு வேலை செய்து நீங்கள் அனுப்பிய காசு இங்கே சுவராகவும் புத்தகமாகவும் நிற்கிறது. அந்தக் கைகளைக் கும்பிட்டுவிட்டு இன்னுமொன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தாதியாக, மருத்துவிச்சியாக, மருந்தாளராக, உளவள ஆலோசகராக வேலை செய்யும் நீங்கள் விடுமுறைக்கு வரும்போது ஒரு மணித்தியாலம் ஒரு வகுப்பில் நின்று பேசுங்கள்.

2017 தொடக்கம் எங்கள் நாட்டில் தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி பாடசாலையிலேயே இலவசமாகப் போடப்படுகிறது. அது ஏன் என்று தெரியாததால் ஒரு தாய் சம்மதக் கடிதத்தில் கையொப்பமிடத் தயங்கினால், அந்தத் தாயோடு இருந்து கதையுங்கள். அவவும் எங்கள் பழைய மாணவியாக இருக்கலாம். 35 வயதைத் தாண்டியும் இன்னும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகாத தங்கைமார் இந்த மண்டபத்தில் இருந்தால், இந்த மாதமே போங்கள். நானும் பிந்தித்தான் போனேன். டொக்டராக இருந்தும் எனக்கும் வெட்கம் இருந்தது.

கடைசியாக, முன்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. அதிபரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் முதலாவது வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு நான் உங்கள் வகுப்புக்கு வருகிறேன். வீட்டில் வாசிக்கச் சொன்ன அந்த அலகிலிருந்து தொடங்குவோம். சிரிப்பு வந்தால் சிரிக்கலாம். ஆனால் சிரித்து முடிந்ததும் கேள்வி கேட்க வேண்டும்.