நட்ட கன்னுக்குத் தண்ணி யாரு ஊத்தறது?

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில் பேசுவது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் பொறுத்துக்குங்க.

எங்க ஊரு காங்கயம் பக்கம். மழை கம்மியான பூமி. வெள்வேல மரமும் கிளுவை வேலியுமா இருக்கிற கொறங்காடுதான் எங்களுக்குத் தெரிஞ்ச காடு. இளசுகள் கம்பெனி வண்டியில் பனியன் வேலைக்குப் போயிடறாங்க. வீட்டில் இருக்கிற நாங்க பிசிறு வெட்டறோம், நூறு நாள் வேலைக்கும் போயிருக்கோம்.

அந்த வேலையில் ஒரு வருஷம் குளத்துக் கரையில் 200 கன்னு நட்டோம். வேம்பு, புங்கன், நாவல். நானும் குழி தோண்டினேன். போட்டோ எடுத்தாங்க. சித்திரை வெயிலில் முக்கால்வாசி காஞ்சு போச்சு. எனக்கு மனசே ஆறலை. அது நம்ம வரிப்பணந்தானே? குழுவில் 10 ரூபாய் குறைஞ்சாலும் நோட்டைப் புரட்டிப் பார்க்கிறோம். இதை மட்டும் ஏன் கேக்கக் கூடாது?

"உனக்கெதுக்கு ஊர்ப் பொல்லாப்பு?"ன்னாங்க மாமியார். ஆனாலும் குழுவில் பேசி, 12 பேரும் சேர்ந்து கிராம சபைக்குப் போனோம். "குழிக்கு எவ்வளவு, கன்னுக்கு எவ்வளவு, தண்ணிக்கு எவ்வளவு?"ன்னு கேட்டேன். கை நடுங்குச்சு. எஸ்டிமேட்டை எடுத்துப் படிச்சாங்க. தண்ணிக்கு ஒரு ரூபாய்கூடப் போடலை.

அப்புறம்தான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். நூறு நாள் வேலைச் சட்டம் 2005-ல் வந்தது. நட்ட மரத்தைச் சில வருஷம் பராமரிக்கிற வேலையையும் அந்தத் திட்டத்தில் சேர்க்க முடிஞ்சுது. கிராம சபை சமூகத் தணிக்கை செய்யணும்னும் அந்தச் சட்டத்திலேயே இருந்துச்சு. 2022-ல் பசுமைத் தமிழகம் இயக்கத்தை அரசு ஆரம்பிச்சது. ஏறக்குறைய 24 சதவீதமா இருக்கிற காடு, மரப் பரப்பை 10 வருஷத்தில் 33 சதவீதம் ஆக்கணும்னு இலக்கு. கன்னு இன்னும் வரும், பணமும் வரும். நட்டதோட கணக்கை முடிச்சா மரம் காகிதத்தில்தான் வளரும்.

நாங்க கேட்டதால், அடுத்த வேலையில் தண்ணிக்கும் வேலிக்கும் சேர்த்துப் போட்டாங்க. பனியன் வேஸ்ட் துணியைக் கிழிச்சு கன்னைக் குச்சியோடு கட்டினோம். முறை போட்டுத் தண்ணி ஊத்தறோம், அதுக்குக் கூலியும் வருது. இப்ப புங்கன் என் தோள் உயரம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளும் கிராம சபை. தனியாப் போகாதீங்க, குழுவாப் போங்க. தண்ணிக் கணக்கைக் கேளுங்க.